மேல்வீட்டுப் பழத்தட்டு

அத்தியாயம் 9

போன ஞாயிற்றுக்கிழமை ராடோயே தன் மூத்த மருமகள் ஸோர்காவிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். சம்பந்தி வீட்டார் வரும்போது மேலே நெவெனாவின் சமையலறையில் உட்கார வைத்துவிடலாம், கீழே ஈ மொய்க்கிறது.

அதைச் சொல்லிவிட்டு அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஸோர்காவுக்கு ஒரு வாரத் தூக்கம் போய்விட்டது.

வரப்போகிறவர்கள் அவளுடைய ஒரே மகள் துன்யாவைப் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை ரெல்யாவின் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக இந்த வீட்டு வாசற்படி ஏறுகிறார்கள். அவர்களுக்கு முதல் கரண்டிப் பழப்பாகும் குளிர்ந்த தண்ணீரும் நீட்ட வேண்டியது பெற்றவளின் கை. நீட்ட வேண்டிய இடம் பெற்றவளின் சமையலறை. அந்த அடுப்பின் முன்னால் இருபத்து மூன்று வருடம் நின்றவள் ஸோர்கா. மேல்வீட்டில் இருப்பவளோ, கொழுந்தன் வுகானைக் கட்டிக்கொண்டு வந்து முழுதாக இரண்டு வருடம்கூட ஆகாத ஓரகத்தி.

வுகான் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் ஜெர்மனிச் சாலைகளில் கழியும். அவன் இல்லாத குறையே தெரியாத அளவுக்கு அந்த மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தது.

முதலில் மாமனாரின் சாயங்காலக் காபி மாடிப்படி ஏறியது. முழங்கால் வலி, முழங்கால் வலி என்று முனகுகிற மனிதர், பதினான்கு படி ஏறி அங்கே போய் உட்கார்ந்தார். அடுத்து துன்யாவின் அரட்டை ஏறியது. வேலை முடிந்து வந்தால் அம்மாவுக்கு முகம் காட்டிவிட்டு, சித்தியோடு ஒரு மணி நேரம். கடைசியில் ஸோர்காவின் புருஷன் மிலுன்கூட, பல்பு மாற்றிக் கொடுக்கப் போனவன், கையில் கடித்த பேரிக்காயோடு முழங்கை வரை சாறு வழிய இறங்கி வந்தான். பழம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவன் வாய்விட்டுச் சொன்னதற்கு, மூன்று நாள் உப்பில்லாத சூப் கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த நீலத் தட்டு.

மேல்வீட்டு மேசை நடுவில் அது இருக்கும். அதில் எந்நேரமும் பழம் இருக்கும். பேரிக்காய், கறுப்புத் திராட்சை, கொல்லைப் பீச், பனி படிந்தது போல் சாம்பல் பூத்த பிளம். குளிர்பதனப் பெட்டியின் வாசலைக்கூடப் பார்க்காத பழங்கள். காலை வெயில் பட்டால் மாடிப்படி வரை மணக்கும். சுற்றிலும் ஒரு ஈ இருக்காது.

கீழே ஸோர்காவின் வீட்டில் பழம் என்றால் பெட்டிக்குள் பூட்டி வைத்தது. எடுத்துக் கடித்தால் பல் கூசும். வெளியே வைத்தால் காபி ஆறுவதற்குள் பழ ஈக்கள் கூடிவிடும். செப்டம்பர் முழுக்க அவள் ஒரு கையால் சமைத்து ஒரு கையால் விரட்டினாள்.

நெவெனா செய்வதையெல்லாம் அவளும் செய்து பார்த்தாள். ஓரகத்தியிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. துன்யா சொன்னது பாதி, மேல்வீட்டுக் கதவு திறந்திருந்தபோது கண்ணில் பட்டது பாதி. ஜன்னலில் திருநீற்றுப்பச்சைத் தொட்டி வைத்தாள். தம்ளரில் வினிகர் ஊற்றிக் காகிதக் கூம்பு செருகினாள். ஈ என்னவோ கூம்பின் வெளிப்பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஓரகத்தி எதையோ மறைக்கிறாள் என்று ஸோர்கா முடிவு கட்டினாள். கடை வினிகர் வேலைக்கு ஆகாது, நெவெனா தன் கையால் போடும் ஆப்பிள் வினிகரில்தான் சூட்சுமம் இருக்க வேண்டும்.

அந்தத் தெம்பில்தான் மாமனாரிடம் பேரம் பேசினாள். ஞாயிறு காலைக்குள் என் சமையலறையில் ஒரு ஈ கூட இல்லையென்றால் சம்பந்திகள் கீழேதான் உட்கார வேண்டும். ராடோயே மீசைக்குள் சிரித்து, சரி என்றார்.

புதன்கிழமை நெவெனா வல்யேவோ சந்தைக்குப் போன நேரத்தில் ஸோர்கா மாடி ஏறி, அலமாரியிலிருந்து ஒரு ஜாடி ஆப்பிள் வினிகரை முந்தானைக்குள் மறைப்பது போலக் கோட்டுக்குள் மறைத்து எடுத்து வந்தாள். மூன்று லிட்டர் ஜாடி. கர்ப்பிணி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

வியாழக்கிழமை மாவு எடுக்கச் சரக்கறைக்குப் போனபோதுதான் அவளுக்கு உண்மை தெரிந்தது. தரையில் நிலவறைக்கு இறங்கும் பலகைக் கதவு. அதன் இடுக்கு வழியாக ஈக்கள் ஒரு மெல்லிய புகைக் கோடு போல மேலே வந்துகொண்டிருந்தன.

கீழே மூன்று பீப்பாய்களில் பிளம் ஊறல் இருந்தது. துன்யாவின் கல்யாணத்துக்கென்று இந்த வருடம் போட்டது. பொங்கி அடங்கிவிட்டது. அடங்கிய பிறகு சாக்குப் போட்டு மூடி ஒரு வாரம் யாரும் கிட்டே போகக்கூடாது என்பது ராடோயேவின் சட்டம். அடுத்த சனிக்கிழமை காய்ச்சும் கொப்பரை இவர்கள் முறைக்கு வரும்வரை அவரே போக மாட்டார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் மேல்வீட்டுக்காரி சுத்தக்காரி என்று பேர் வாங்கியது, அவள் தரைக்கு அடியில் ஊறல் இல்லாததால். தன் சமையலறை நாறியது, மாமனாரின் பீப்பாய்களால்.

இதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் மேலேயே வைத்துக்கொள்வோம் என்பார்.

அவள் ஜாடியோடு நிலவறைக்குள் இறங்கினாள். அகலமான ஒரு பேசினில் பாதி வினிகரை ஊற்றி, ஜாடியையும் சேர்த்துப் பீப்பாய்களுக்கு நடுவே வைத்தாள். அதுவும் போதாது என்று பட்டது. ஈக்கு இங்கேயே விருந்து கிடைத்தால் மேலே எதற்கு வரப்போகிறது? நடுப் பீப்பாயின் சாக்கை உருவி எடுத்தாள். மேலே ஏறிவந்து, பலகைக் கதவின் இடுக்குகளில் ஈரத்துணி திணித்து, அதன்மேல் மாவு மூட்டையை இழுத்து வைத்தாள்.

நிலவறைக்குள் வினிகர் வரக்கூடாது என்று மாமனார் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் விசில் அடிக்கக்கூடாது என்றும் சொல்வார். சென்ட் பூசிக்கொண்டு இறங்கக்கூடாது, சண்டை போட்டுவிட்டு இறங்கக்கூடாது என்றும் சொல்வார். காரணம் எதற்கும் சொன்னதில்லை. கிழவரின் நூறு சட்டங்களில் ஒன்று என்று அவள் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பாதி ஈ குறைந்தது. சனிக்கிழமை ஒன்றிரண்டு. இப்போது ஞாயிறு.

காலை எட்டு மணிக்கு ராடோயே வந்தார். கையில் ஒரு பேரிக்காய். பேனாக்கத்தியால் அதை நடுவில் பிளந்து, சாறு மேலே பார்க்க மேசையில் வைத்தார். காபி போடச் சொன்னார். காபி தீரும்வரை பார்ப்பது, அதுதான் பரீட்சை.

அவர் வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தார். ஒரு வாய் குடித்து ஜன்னலைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்து முழங்காலைத் தடவினார். ஸோர்கா அடுப்பில் முதுகைச் சாய்த்து நின்று அந்தப் பேரிக்காயையே பார்த்தாள்.

திடீரென்று அவர் குனிந்தார். பழத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. விரலை வைத்து ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காபித்தூள்" என்றார். "நீ ஜெயிச்சுட்டேம்மா. நெவெனாகிட்ட கேட்டியா?"

ஜெயித்த சந்தோஷம் அந்த ஒரு கேள்வியில் செத்துப் போனது.

"நான் எதுக்கு மாமா அவகிட்ட கேக்கணும்? என் வீட்டைச் சுத்தமா வெச்சுக்க எனக்குத் தெரியாதா?"

அவர் பேரிக்காயின் ஒரு பாதியைத் தின்றார். மற்றப் பாதியை அவளிடம் நீட்டினார். பெட்டியில் வைக்காத பழம். தேன் மாதிரி இருந்தது. அவளுக்கு அது இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

பதினோரு மணிக்குச் சம்பந்திகள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா திஹோமிர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி. அவரும் பிளம் தோட்டக்காரர்தான். அம்மா ஒலிவேரா சின்ன உருவம், கூர்மையான கண். கையில் பூங்கொத்தும் கால் கிலோ காபிப் பொட்டலமும். மாப்பிள்ளை பெல்கிரேடில் வேலைக்குப் போய்விட்டான், பெரியவர்கள் முதலில் பேசட்டும் என்றானாம்.

ஸோர்கா தட்டை ஏந்தினாள். கண்ணாடிக் கிண்ணத்தில் தோல் உரித்த பிளம் பாகு, ஒவ்வொரு பழத்துக்குள்ளும் ஒரு வால்நட் பருப்பு. ஒலிவேரா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, கரண்டியைத் தண்ணீர்த் தம்ளரில் போட்டாள். கண்ணைத் திறந்ததும் பார்வை நேராக மேசை நடுவில் போய் நின்றது.

அங்கே ஸோர்காவின் வெள்ளைத் தட்டு இருந்தது. நிறையப் பேரிக்காயும் திராட்சையும். மூடி இல்லை, வலை இல்லை, ஈயும் இல்லை.

செப்டம்பரில் பழத்தை இப்படித் திறந்து வைக்க முடிகிறதா, எங்கள் வீட்டில் தட்டு வைத்தால் நாங்கள் எழுந்து போக வேண்டியதுதான் என்று ஒலிவேரா அதிசயப்பட்டாள். எப்படி என்று கேட்டாள்.

மேசையின் மறுகோடியில் நெவெனா உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கொண்டுவர வேண்டாம், வெறுங்கையோடு வந்தால் போதும் என்று ஸோர்கா சொல்லியனுப்பியதால் வெறுங்கையோடு வந்திருந்தாள். அரில்யேயில் ஒரு பழக் கிடங்கில் ஏழு வருடம் ராஸ்பெர்ரி பிரித்த விரல்கள் காபிக் கோப்பையைச் சுற்றிப் பிடித்திருந்தன.

ஸோர்கா அவளைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தாள். கூடை வந்ததும் வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்துத் துணியில் உலர்த்த வேண்டும், ஈரம் நிற்கக்கூடாது. காம்புப் பக்கம் காயம் பட்டதை அன்றைக்கே வேகவைத்துவிட வேண்டும், ஒரு பழத்தின் காயம்தான் ஊர் ஈயைக் கூட்டி வரும். குப்பைக் கூடை இருட்டுவதற்கு முன் காலியாக வேண்டும். தொட்டிக் குழாயில் கொதிநீர் ஊற்ற வேண்டும், ஈ முட்டை போடுவதே அங்கேதான். எறும்பு வருகிற மூலையில் வால்நட் இலை, மாவில் பிரிஞ்சி இலை, மருந்து அடிக்கிற வேலையே வேண்டாம்.

ஒவ்வொன்றும் நெவெனாவின் வேலை. ஒவ்வொரு சொல்லும் நெவெனாவின் சொல். துன்யா தலையைக் குனிந்துகொண்டாள். மிலுன் ஜன்னல் பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

"எத்தனை வருஷப் பழக்கம் இது?" என்றாள் ஒலிவேரா.

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து" என்றாள் ஸோர்கா.

நெவெனா காபியை ஒரு வாய் குடித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் ஸோர்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு முறையாவது சுள்ளென்று ஏதாவது சொன்னால் என்ன இவளுக்கு?

இதற்குள் ஆண்கள் போன வருடம் காய்ச்சிய பிளம் சாராயமான ரகியாவை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். திஹோமிர் சின்னக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரே மடக்கில் குடித்து, தலையாட்டினார். இந்த வருடத்து ஊறல் எப்படி என்றார்.

கீழே தூங்குகிறது, மூன்று பீப்பாய், கல்யாணப் பந்திக்கு அதுதான் என்றார் ராடோயே. அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தன் சட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார். விசில் கூடாது. சென்ட் கூடாது. சண்டை கூடாது.

"இதெல்லாம் எங்கப்பா சொன்னது, நானும் சொல்லி வெச்சேன். ஆனா வினிகர், அது விளையாட்டில்ல. ஈ அதுல உக்காந்து, அதே காலோட ஊறல்ல உக்காந்துச்சுன்னா முடிஞ்சுது. ரகியா காய்ச்ச வேணாம், அப்படியே சாலட்ல ஊத்திக்கலாம்."

திஹோமிர் பலமாகச் சிரித்தார். தன் மாமன் ஒருவர் வீட்டில் இப்படித்தான் நானூறு லிட்டர் போனது என்றார். சிரித்துக்கொண்டே எழுந்தார். வந்ததற்குப் பீப்பாயைப் பார்க்காமல் போவதா?

ஸோர்காவின் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் விழுந்து சத்தம் போட்டது.

சாப்பாடு ஆறிவிடும் என்றாள். இன்னும் அடுப்பிலேயே ஏற்றவில்லையே என்றான் மிலுன், உதவுகிறதாக நினைத்துக்கொண்டு. ராடோயே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். நிலவறையின் வெளிக்கதவு வீட்டுக்குப் பின்னால். அவர் முழங்காலுக்கு அது ஐந்து நிமிட நடை. போகும் வழியில் தேனீப் பெட்டிகளைக் காட்டாமல் இருக்க மாட்டார்.

ஸோர்கா சர்க்கரை எடுத்து வருவதாகச் சொல்லிச் சரக்கறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள்.

மாவு மூட்டை நகர மறுத்தது. வியாழனன்று ஆத்திரத்தில் இழுத்த அதே மூட்டை, இன்று ஊர்ப்பட்ட கனம் கனத்தது. ஒருவழியாகத் தள்ளினாள். இடுக்குகளில் திணித்த துணி காய்ந்து மரத்தோடு ஒட்டிக்கிடந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தாள். ஒரு நகம் உடைந்தது.

பின்னால் கதவு திறந்தது. நெவெனா.

"சர்க்கரை மேசையிலேயே இருக்குக்கா. நான் பிடிக்கட்டுமா?"

"வேணாம். நீ போ."

நெவெனா போகவில்லை. மூட்டையைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். மூக்கை லேசாகச் சுருக்கினாள். பலகை இடுக்கு வழியே வந்த மணம் அவள் தன் கையால் போட்ட வினிகரின் மணம்.

"என் ஜாடியா?" என்றாள் மெல்ல.

ஸோர்கா அடுத்த துணியை உருவினாள்.

"புதன்கிழமையே பார்த்தேன், அலமாரில இல்லைன்னு. சமையலுக்கு எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். பீப்பாய் மூடித்தானே இருக்கு?"

"நடுவுல இருக்கிறது... சாக்கை எடுத்துட்டேன்."

நெவெனா கண்களை மூடினாள். அதே நேரம் அவர்கள் காலுக்குக் கீழே வெளிக்கதவு கிரீச்சிட்டது. பலகை இடுக்குகளில் வெளிச்சக் கோடுகள் விழுந்தன. ராடோயேவின் குரல் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்து, ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

பிறகு திஹோமிர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு பெண்களும் மேலே அசையாமல் நின்றார்கள். இந்த வீட்டுக்கு நெவெனா வந்த பிறகு, அவர்கள் இவ்வளவு நேரம் இவ்வளவு கிட்டே நின்றது இதுதான் முதல் தடவை.

ஆண்கள் திரும்பி வந்தபோது ராடோயேவின் கையில் ஜாடி இருந்தது. அதை மேசையில், பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டம் போட்ட துணி மூடி. ஒட்டியிருந்த காகிதத்தில் நெவெனாவின் வட்ட வட்டக் கையெழுத்து: ஆப்பிள், அக்டோபர்.

திஹோமிர் உட்கார்ந்து கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். நடுப் பீப்பாய் போய்விட்டது, மற்ற இரண்டையும் இன்றைக்கே கொப்பரை ஏற்றினால் தப்பிக்கலாம் என்றார். கல்யாணத்துக்கு வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. அதைச் சொன்னபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒலிவேரா எல்லோரையும் பார்த்தாள்.

ராடோயே சத்தம் போடவில்லை. "இதை யாரு அங்க வெச்சது?" என்று மட்டும் கேட்டார்.

ஸோர்கா மகளைப் பார்த்தாள். துன்யாவின் கல்யாணம் இந்த மேசைமேல் இருந்தது. பெண்ணின் அம்மாவே சொந்தக் கல்யாண ஊறலைக் கெடுத்தவள் என்று தெரிந்தால் எந்தச் சம்பந்தி இந்த வீட்டில் கை நனைப்பார்?

"நான்தான் மாமா" என்றாள் நெவெனா. "ஈ நிறைய இருந்துச்சு. அக்காவுக்கு உதவியா இருக்கும்னு வெச்சேன்."

ஸோர்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

ராடோயே நாற்காலியில் சாய்ந்தார். மீசையைத் தடவினார். பிறகு, இந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"நீ வந்து ரெண்டு வருஷம்தான் ஆச்சு. உங்கிட்ட விளக்கிச் சொல்லாதது என் தப்பு."

என் தப்பு. இருபத்து மூன்று வருடத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து ஸோர்கா கேட்டதில்லை. புதிதாக வந்த காலத்தில் அவள் ஒரு ரகியா ஜாடியின் கழுத்தை உடைத்ததை, ஒன்பது வருடம் குலதெய்வத் திருநாள் தோறும் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரித்தவர் அவர். இவளுக்கு ஒரு பீப்பாய் போனாலும் மன்னிப்பு, அதுவும் ஒரே மூச்சில்.

மிலுன் வேறு, பாவம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று தலையாட்டினான்.

ஒலிவேரா நாற்காலியை நகர்த்திப் போட்டு நெவெனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊறல் போனால் போகட்டும், அடுத்த வருடமும் பிளம் காய்க்கும் என்றாள். அந்தச் சின்னக் கண்களில் நிஜமான மதிப்பு இருந்தது.

"புது மனுஷங்க நடுவுல இது என் தப்புன்னு சொல்ற மனசு எத்தனை பேருக்கு வரும்? துன்யா ஏன் இவ்வளவு தங்கமா இருக்கான்னு இப்பத்தான் புரியுது. இப்படி ஒரு சித்தி கையில வளர்ந்த பொண்ணு வேற எப்படி இருப்பா?"

வளர்ந்த பொண்ணு.

துன்யா வளர்ந்து முடித்து இருபது வயது ஆன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் நெவெனா. துன்யாவுக்கு மூன்று வயதில் நிமோனியா வந்தபோது, பனியில் ஆறு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு நடந்தது யார்? பள்ளிக்கூட நாடகத்துக்கு இறக்கை தைத்தது யார்?

காபி போனது. அரட்டை போனது. மாமனாரின் முழங்கால் போனது. பழம் போனது. இப்போது, தான் செய்த தப்புகூட மாடிப்படி ஏறிப் போய், அங்கே நல்ல பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"அவ இல்ல" என்றாள் ஸோர்கா.

எல்லோரும் திரும்பினார்கள். நெவெனா தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்பது போல. அது ஸோர்காவை இன்னும் கிளப்பிவிட்டது.

"ஜாடியை அவ அலமாரிலேருந்து திருடினது நான். கீழ கொண்டுபோய் வெச்சது நான். சாக்கை உருவினது நான். ஈ விஷயத்துல நான் இப்ப சொன்னதெல்லாம் அவ வேலை, எனக்கு ஒண்ணும் தெரியாது." ஒலிவேராவின் பக்கம் திரும்பினாள். "ஆனா என் பொண்ணை வளர்த்தது நான்."

திஹோமிரின் குப்பி வாய்க்குப் போகும் வழியில் நின்றிருந்தது. ராடோயே மூத்த மருமகளை, அவளுக்கு ஒரு புது மூக்கு முளைத்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸோர்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒலிவேரா எழுந்திருப்பாள், கைப்பையை எடுப்பாள், வெளியே காருக்குப் போவாள் என்று காத்திருந்தாள்.

ஒலிவேரா நெவெனாவின் கையை விட்டாள். ஸோர்காவின் உடைந்த நகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தை மேலும் கீழும் அளந்தாள். பிறகு தன் காலிக் கோப்பையை மேசைமேல் மெதுவாக முன்னால் தள்ளினாள்.

"இன்னொரு காபி கிடைக்குமா சம்பந்தியம்மா?"

அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை.

திஹோமிர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கொப்பரைக்காரனுக்கு ஆள் அனுப்பலாம், இரண்டு பீப்பாயாவது மிஞ்சட்டும் என்று மிலுனைக் கிளப்பினார். ராடோயே அவர்கள் பின்னால் நொண்டிக்கொண்டே போனார். வாசலில் ஒரு கணம் நின்று ஸோர்காவைத் திரும்பிப் பார்த்தார். அது கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் அடுப்பின் பக்கம் திரும்பினாள். பித்தளைக் கிண்ணியில் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் தூள் போட்டாள். தோற்றாளா ஜெயித்தாளா என்று தெரியவில்லை. ஆனால் சம்பந்தி தன் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள், தன் கையால் காபி கேட்டிருக்கிறாள். அது யாராலும் மேலே தூக்கிக்கொண்டு போக முடியாதது.

அடுப்புக்கு மேலே இருந்த ஜன்னல் கண்ணாடியில் மேசை தெரிந்தது. துன்யா எழுந்து வருவாள், பின்னாலிருந்து தோளைக் கட்டிக்கொள்வாள் என்று ஸோர்கா காத்திருந்தாள்.

துன்யா எழுந்தாள். ஆனால் அவள் பார்த்தது சித்தியை. முகம் வெளுத்திருந்தது. சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை.

நெவெனா, ஒலிவேராவுக்குத் தெரியாமல், உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

இவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒன்று இருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாதது.

காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஸோர்கா கிண்ணியை எடுக்கவில்லை.